ஹீட் பைப் தண்ணீரில் எதைக் கலந்தால் பலன்?

லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றினால் தட்டையாக நசுக்கிய ஒரு செப்புக் குழாய் தெரியும். ஒரு முனை பிராசஸர் மேல் அழுந்தி உட்கார்ந்திருக்கும். மறு முனை விசிறிக்குப் பக்கத்தில் இருக்கும் தகட்டு அடுக்குக்குள் போய் முடியும். சென்னை ரிச்சி தெருவில் சர்வீஸ் வேலை பார்ப்பவர்கள் தினமும் பார்க்கிற குழாய்தான். ஆனால் அதை வெறும் செப்புக் கம்பி என்று நினைப்பவர்கள் இன்னமும் நிறையப் பேர். உள்ளே காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்துவிட்டு, ஒரு கிராம் அளவுக்குத் தண்ணீரை மட்டும் விட்டு அடைத்திருக்கிறார்கள். சூட்டைச் சுமப்பது அந்தத் தண்ணீர்.

இதுதான் ஹீட் பைப். அந்தத் தண்ணீரோடு வேறு எதையாவது சேர்த்தால் குழாய் இன்னும் நன்றாக வேலை செய்யுமா? நானோ துகள், சோப்பு வகைப் பொருள், ஆல்கஹால் என்று பலவற்றைக் கலந்து பார்த்திருக்கிறார்கள். சென்னையைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு மாணவர்கள் விரும்பி எடுக்கிற புராஜெக்ட்டுகளில் இதுவும் ஒன்று. "வெப்பத்தடை முப்பது சதவீதம் குறைந்தது" என்ற ரீதியில் முடிவுகள் வருகின்றன. அந்த எண் பொய் என்று சொல்ல வரவில்லை. அது எதனால் வந்தது என்று சொல்லப்படும் காரணம்தான் பெரும்பாலும் தவறாக இருக்கிறது. கலப்புப் பொருள் தண்ணீரை மேம்படுத்துகிறது என்று எழுதுகிறார்கள். பெரும்பாலான நேரங்களில் அது மாற்றுவது தண்ணீர் தொட்டுக்கொண்டிருக்கும் செப்புப் பரப்பை. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் எங்கே எதைக் கலக்கலாம், எங்கே கலக்கவே கூடாது என்பது தெளிவாகிவிடும்.

முதலில் குழாய் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். சூடான முனையில் தண்ணீர் ஆவியாகிறது. உள்ளே காற்று இல்லாததால் நூறு டிகிரி வரை காத்திருக்க வேண்டியதில்லை. அறுபது டிகிரியில் ஆவி அழுத்தம் வளிமண்டலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான். அந்த அழுத்தத்திலேயே கொதிப்பு நடக்கிறது. ஆவி மறு முனைக்கு ஓடி, அங்கே குளிர்ந்து மறுபடி தண்ணீராகி, தான் சுமந்து வந்த உள்ளுறை வெப்பத்தை விட்டுவிடுகிறது. குழாயின் உட்சுவரில் செப்புப் பொடியைச் சுட்டு ஒட்டிய நுண்துளைப் படலமோ, கம்பி வலையோ, வரிப்பள்ளமோ இருக்கும். அதைத் திரி என்பார்கள். குளிர்ந்த தண்ணீரைத் திரி நுண்துளை இழுப்பால் சூடான முனைக்கே திரும்பக் கொண்டுவருகிறது. மோட்டார் கிடையாது, மின்சாரம் கிடையாது.

ஒரு கிராம் தண்ணீர் இந்த வெப்பநிலையில் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் எடுத்துக்கொள்ளும். முப்பது வாட் சூட்டைக் கடத்த நிமிடத்துக்கு முக்கால் கிராம் ஆவியானால் போதும். ஆக, குழாயில் இருக்கிற மொத்தத் தண்ணீரும் ஒன்றரை நிமிடத்துக்குள் ஒருமுறை முழுச் சுற்று சுற்றி வருகிறது. எவ்வளவு அழகான ஏற்பாடு! ஜெனரல் மோட்டார்ஸில் இருந்த ரிச்சர்ட் காக்லர் 1940-களிலேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார், ஆனால் யாரும் கண்டுகொள்ளவில்லை. லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் 1963-இல் தனியாக இதே கருத்துக்கு வந்து, விண்கலங்களுக்குப் பயன்படும்படி வளர்த்தெடுத்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

தண்ணீரே எவ்வளவு நல்ல திரவம் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஹீட் பைப்புக்கு ஒரு திரவம் எவ்வளவு பொருத்தம் என்று பார்க்க ஓர் எண் வைத்திருக்கிறார்கள். அடர்த்தி, பரப்பு இழுவிசை, உள்ளுறை வெப்பம் மூன்றையும் பெருக்கி, பாகுநிலையால் வகுத்தால் அது கிடைக்கும். அறுபது டிகிரியில் தண்ணீரின் மதிப்பு எத்தனாலைவிடப் பத்து மடங்குக்கும் மேல். இந்த வெப்பநிலைகளில் தண்ணீரைத் தோற்கடிப்பது எளிதல்ல. அதில் எதைக் கலந்தாலும், இந்த நான்கு குணங்களில் ஒன்றையாவது கெடுக்காமல் கலக்க முடியாது. கெடுத்ததைவிடக் கூடுதலாக எதைத் தருகிறது என்பதே கணக்கு.

நானோ துகள் என்ன செய்கிறது

1995-இல் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் ஸ்டீபன் சோய் "நானோ திரவம்" என்ற பெயரை வைத்தார். யோசனை எளிமையானது. தண்ணீரின் வெப்பக் கடத்துத்திறன் 0.6, செம்புக்கோ சுமார் 400. நானோ அளவில் உலோகத் துகளைத் தண்ணீரில் மிதக்கவிட்டால் கடத்துத்திறன் ஏறாதா? ஏறியது. சில அளவீடுகளில், எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக. நம் ஊர் ஐஐடி மெட்ராஸிலிருந்து சரித் குமார் தாஸ், டி. சுந்தரராஜன், டி. பிரதீப் குழு 2003-இல் வெளியிட்ட ஆய்வில், தங்கத் துகள்களை மிக மிகச் சிறிய அளவு சேர்த்தபோதே கடத்துத்திறன் கூடியதைப் பதிவு செய்தார்கள். உலகம் முழுக்க அந்தக் கட்டுரை மேற்கோள் காட்டப்பட்டது.

அதே 2003-இல் தாஸ் உடன் ஆய்வாளர்களோடு எழுதிய இன்னொரு கட்டுரை அவ்வளவு பேசப்படுவதில்லை. எனக்கு அதுதான் கூடுதல் முக்கியம். அலுமினா நானோ துகள் கலந்த தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பார்த்தார்கள். கடத்துத்திறன் கூடியிருந்தும் கொதிப்பு மோசமானது. துகள் அளவைக் கூட்டக் கூட்ட இன்னும் மோசமானது. துகள்கள் சூடான பரப்பில் படிந்து, அதன் இயல்பையே மாற்றிவிட்டன என்பதுதான் அவர்கள் கண்ட காரணம். நானோ திரவத்தில் முக்கியமானது திரவமா, படிவமா (பரப்பில் படிந்த படலமா) என்ற கேள்வி அங்கேயே எழுந்துவிட்டது.

2009-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் யாக்கோப்போ புவோன்ஜியோர்னோ தலைமையில் முப்பதுக்கும் மேற்பட்ட ஆய்வுக் குழுக்கள் ஒரே மாதிரிகளை ஆளுக்கு ஆள் அளந்து ஒப்பிட்டார்கள். அவர்கள் அளந்த திரவங்களில் அதிசயமான ஏற்றம் எதுவும் தெரியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேக்ஸ்வெல் போட்ட கணக்கின் வழிவந்த கோட்பாடே போதுமானதாக இருந்தது. அந்தக் கணக்குப்படி, நன்றாகக் கடத்தும் உருண்டைத் துகளைக் கன அளவில் ஒரு சதவீதம் சேர்த்தால் கடத்துத்திறன் மூன்று சதவீதம் ஏறும். ஐன்ஸ்டைன் 1906-இல் தந்து 1911-இல் திருத்திய சூத்திரப்படி, அதே ஒரு சதவீதத்துக்குப் பாகுநிலை இரண்டரை சதவீதம் ஏறும். நடைமுறையில் துகள்கள் கட்டிப்படுவதால் அதைவிடக் கூடுதலாகவே ஏறும். மூன்று சதவீதம் வாங்கி, இரண்டரையோ அதற்கு மேலோ கொடுக்கிற வியாபாரம் இது.

அந்த மூன்று சதவீதமாவது ஹீட் பைப்புக்குப் பயன்படுமா என்றால், அதுவும் சொற்பம். குழாய் நெடுக வெப்பத்தைச் சுமப்பது ஆவி. தண்ணீரின் கடத்துத்திறன் கணக்கில் வருவது, சூடான முனையில் திரிக்குள் நிற்கிற அரை மில்லிமீட்டர் படலத்தில் மட்டும். திரி சுட்ட செப்புப் பொடியால் ஆனதென்றால் அங்கேயும் வெப்பத்தைப் பெரும்பாலும் கடத்துவது செம்புதான். கம்பி வலைத் திரியில் தண்ணீரின் பங்கு கொஞ்சம் கூடும். இருந்தாலும் மூன்று சதவீதத்திலிருந்து முப்பது சதவீதப் பலன் வரவே வராது.

அப்படியானால் முப்பது எங்கிருந்து வருகிறது? படிவத்திலிருந்து. ஆவியாகிப் போவது சுத்தமான தண்ணீர் மட்டும். துகள் ஆவியோடு போகாது. போர் தண்ணீர் ஓடும் சென்னை வீடுகளில் கெய்சர் காயிலைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: தண்ணீர் போய்விடும், உப்பு வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும். ஹீட் பைப்பில் ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு சுற்று என்றால், சில மணி நேரத்திலேயே துகள்களில் பெரும்பகுதி சூடான முனைக்கு வந்து சேர்ந்துவிடும். அங்கே நுண்துளைகள் நிறைந்த ஒரு மெல்லிய பூச்சாகப் படிகிறது. தண்ணீர் செம்பில் பரவுவதைவிட அந்தப் பூச்சில் நன்றாகப் பரவும். காய்ந்து போகும் இடங்கள் குறையும், குழாய் தாங்கும் வாட் அளவு கூடும். எம்ஐடி குழு 2007-இல் இதைப் பரப்பின் ஈரமாகும் தன்மையோடு தொடர்புபடுத்திக் காட்டியது.

பூச்சு மெல்லியதாக இருக்கும்வரை லாபம். தடித்தால் அதுவே வெப்பத்தடை. சுட்ட திரியின் துளை பல பத்து மைக்ரோமீட்டர், தனித் துகள் நூறு நானோமீட்டருக்கும் கீழ். பார்த்தால் இடம் தாராளம். ஆனால் கட்டிப்பட்ட துகள்கள் மைக்ரோமீட்டர் அளவுக்கு வளர்ந்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும்போது திரி அடைத்துக்கொள்ளும். ஒரு குறிப்பிட்ட அளவு வரை பலன் ஏறி, அதன்பின் இறங்குவதாக ஆய்வுகள் சொல்வதன் பின்னணி இதுதான்.

இந்தப் புராஜெக்ட் எடுக்கும் மாணவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நானோ திரவத்தோடு சோதனை முடிந்ததும் அதை வடித்துவிட்டு, அதே குழாயில் சுத்தமான வாலை வடிநீரை அடைத்து மறுபடி அளந்து பாருங்கள். பலன் அப்படியே இருந்தால் அது பூச்சு தந்தது, திரவம் தந்ததல்ல. கூடுதலாக ஒரு நாள் வேலை. ஆனால் ஆய்வறிக்கையின் மதிப்பே மாறிவிடும். பூச்சுதான் காரணம் என்று தெரிந்துவிட்டால், துகளைத் தண்ணீரில் கலந்து தற்செயலாகப் படியவிடுவதற்குப் பதில், குழாயை மூடும் முன்பே செப்புப் பரப்பில் வேதிமுறையில் ஆக்சைடு ஊசிகளை வளர்த்து, வேண்டிய தடிமனில் அதே பலனைப் பெறலாம். தொழிற்சாலைக்கு ஒத்துவருவது அந்த வழிதான் என்பது என் கருத்து.

சோப்பும் சேர்கோணமும்

சர்ஃபாக்டன்ட் எனப்படும் சோப்பு வகைப் பொருட்கள் அடுத்த பிரிவு. எஸ்டிஎஸ், சிடிஏபி, டிரைட்டான் போன்றவை கல்லூரி ஆய்வகங்களில் சாதாரணமாகக் கிடைக்கும். இவை தண்ணீரின் பரப்பு இழுவிசையைப் பாதியாகக்கூடக் குறைத்துவிடும். ஹீட் பைப்பில் தண்ணீரைத் திரும்பக் கொண்டுவருவதே பரப்பு இழுவிசைதான். அதைக் குறைப்பது அடிமடியில் கைவைப்பது போலத் தோன்றும். ஆனாலும் சிலர் பலன் கிடைத்தது என்கிறார்கள், சிலர் கெட்டது என்கிறார்கள். இரண்டு பேரும் சரியாகவே அளந்திருக்க வாய்ப்பு உண்டு.

காரணம், நுண்துளை இழுப்பைத் தீர்மானிப்பது பரப்பு இழுவிசை மட்டுமல்ல. அதைச் சேர்கோணத்தின், அதாவது தண்ணீர்த் துளியின் விளிம்பு செப்புப் பரப்போடு உண்டாக்கும் கோணத்தின், கொசைனால் பெருக்க வேண்டும் (கோணம் சிறியதாக இருந்தால் தண்ணீர் நன்றாகப் பரவுகிறது என்று பொருள்). உதாரணத்துக்கு ஒரு கணக்கு. அறுபது டிகிரியில் தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.066 நியூட்டன். திரியின் துளை ஆரம் 30 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நன்றாகச் சுத்தம் செய்த செம்பில் சேர்கோணம் கிட்டத்தட்ட பூஜ்யம். அப்போது இழுப்பு 4,400 பாஸ்கல், அதாவது தண்ணீரை சுமார் 45 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏற்றும் அளவு. சர்ஃபாக்டன்ட் சேர்த்து இழுவிசை 0.035 ஆனால், இழுப்பு 2,300-க்கு இறங்கும். பாதி போச்சு.

இப்போது அதே செம்பு, ஆனால் சரியாகச் சுத்தம் செய்யாதது. காற்றில் கிடந்து எண்ணெய்ப்பசை ஏறிய செம்பில் சேர்கோணம் எழுபது டிகிரி என்று கொள்வோம். கொசைன் 0.34. சுத்தத் தண்ணீரின் இழுப்பு 1,500 பாஸ்கல்தான். சர்ஃபாக்டன்ட் சேர்த்ததும் கோணம் இருபதுக்கு இறங்கினால், இழுவிசை குறைந்தும்கூட இழுப்பு 2,200-க்கு ஏறிவிடும். முன்னேற்றம் சுமார் நாற்பத்தைந்து சதவீதம் என்று எழுதலாம், எண்ணும் உண்மை. ஆனால் குழாயைச் சுத்தம் செய்திருந்தால் எதையும் கலக்காமலே 4,400 கிடைத்திருக்கும்.

இந்தக் கணக்கை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. செப்புக் குழாயை ஆசிட்டில் கழுவி, ஹைட்ரஜன் உலையில் சுட்டு, தண்ணீரில் கரைந்த காற்றைக் கொதிக்கவைத்து வெளியேற்றி, நல்ல வெற்றிடத்தில் மூடுவது மிகப் பொறுமையான வேலை. கல்லூரி ஆய்வகங்களில் அதற்கான வசதி பெரும்பாலும் இருப்பதில்லை. அங்கே கலப்புப் பொருளின் பலன் என்று தெரிவதில் ஒரு பங்கு, தயாரிப்பில் விட்ட குறையைச் சரிக்கட்டுவது. குழாயின் சாய்வில் சில டிகிரி மாறினால், நிரப்பும் அளவு கொஞ்சம் மாறினால், வெற்றிடம் சற்றுக் குறைந்தால் வரும் வித்தியாசமும் கலப்புப் பொருள் தரும் வித்தியாசத்துக்குச் சமமாகவோ அதைவிடப் பெரிதாகவோ இருக்கும்.

சரி, சர்ஃபாக்டன்டுக்கு எங்குமே இடமில்லையா என்றால், ஓரிடம் உண்டு. திரியே இல்லாத, சாய்வாக வைத்த குழாய்கள். மொட்டை மாடி சோலார் வாட்டர் ஹீட்டர்களில் வெற்றிடக் கண்ணாடிக் குழாய்க்குள் செப்பு ஹீட் பைப் இருக்கும் வகை ஒன்று உண்டு. அதில் தண்ணீரைக் கீழே கொண்டுவருவது புவியீர்ப்பு. பரப்பு இழுவிசை குறைந்தால் திரும்பி வருவதில் நஷ்டம் இல்லை. குமிழிகள் சிறியதாக, சீக்கிரமாக உருவாகும், கொதிப்பு சீராகும். ஆனால் சென்னை வெயிலில் இன்னொரு சிக்கல். மே மாதத்தில் யாரும் வெந்நீர் எடுக்காமல் விட்ட நாட்களில் அந்தக் குழாய்கள் நூறு டிகிரிக்கு வெகு மேலே சூடேறும். எஸ்டிஎஸ் சூடான நீரில் மெல்ல மெல்லச் சிதைந்து, தண்ணீரை அமிலமாக்கும். கோட்பாட்டில் பொருந்துகிற இடத்திலும் பொருள் தாக்குப்பிடிக்கவில்லை என்றால் பயனில்லை.

சூட்டை நோக்கி ஓடும் திரவம்

இவை எல்லாவற்றிலும் என்னை அதிகம் ஈர்ப்பது ஆல்கஹால் கலப்பு. பொதுவாகத் தண்ணீரின் பரப்பு இழுவிசை சூடு ஏற ஏறக் குறையும். அதனால் திரவப் பரப்பு சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்தை நோக்கி இழுக்கப்படும். மாரங்கோனி விளைவு என்பது இதுதான். ஹீட் பைப்புக்கு வேண்டியதோ நேர் எதிர்: சூடான இடத்துக்குத் திரவம் வர வேண்டும்.

பியூட்டனால், பென்டனால் போன்ற நீளச் சங்கிலி ஆல்கஹாலைச் சிறிதளவு தண்ணீரில் கரைத்தால், ஒரு வெப்பநிலைக்கு மேல் பரப்பு இழுவிசை சூட்டோடு சேர்ந்து ஏறத் தொடங்கும். வோக்டனும் பெட்ரேயும் 1973-இல் இதைக் கவனித்தார்கள். ஜப்பானில் யோஷியுகி அபே குழு 2000-களில் இதை ஹீட் பைப்புக்குக் கொண்டுவந்தது. கூடவே இன்னொன்றும் நடக்கிறது. சூடான இடத்தில் முதலில் ஆவியாவது பெரும்பாலும் ஆல்கஹால். அங்கே மிஞ்சுவது தண்ணீர் அதிகமான கலவை, அதன் இழுவிசை கூடுதல். ஆக, எந்த இடம் காய்ந்து போகப் பார்க்கிறதோ அந்த இடத்துக்கே சுற்றியுள்ள திரவம் இழுபட்டு வருகிறது.

மற்ற இரண்டு வகைகளிலிருந்து இது அடிப்படையில் வேறுபடும். துகளும் சோப்பும் ஆவியாகாமல் ஒரு மூலையில் தேங்குபவை. ஆல்கஹால் ஆவியோடு சேர்ந்து போய், குளிர்ந்து, திரும்பி வருகிறது. இங்கே திரவத்தின் குணமே வேலை செய்கிறது. விலையும் இல்லாமல் இல்லை. மொத்தமாகப் பார்த்தால் கலவையின் பரப்பு இழுவிசை சுத்தத் தண்ணீரைவிடக் குறைவு, அதனால் நேர் மேல்நோக்கி ஏற்ற வேண்டிய அமைப்புக்கு உகந்ததல்ல. புவியீர்ப்பின் தாக்கம் தெரியாத விண்கலங்களில் இதன் மேல் ஆர்வம் காட்டுவது அதனால்தான்.

லேப்டாப்புக்கு இதெல்லாம் எவ்வளவு பயன்படும்? நுங்கம்பாக்கத்தில் 38 டிகிரி வெயில் என்று வைத்துக்கொள்வோம் (2003 மே கடைசியில் சென்னை 45-ஐயே தொட்டிருக்கிறது). சிப் 95 டிகிரி வரை போகலாம் என்றால், நம் கையில் இருப்பது 57 டிகிரி இடைவெளி. அதில் ஹீட் பைப் எடுத்துக்கொள்வது, வாட்டுக்கு 0.2 டிகிரி என்ற கணக்கில், முப்பது வாட்டுக்கு ஆறு டிகிரி. அதை முப்பது சதவீதம் குறைத்தால் லாபம் இரண்டு டிகிரிக்குள். மீதி இடைவெளியில் பெரும்பகுதி சிப்புக்கு மேல் தடவும் தெர்மல் பேஸ்ட்டிலும், தகட்டிலிருந்து காற்றுக்குப் போகும் இடத்திலும் கரைகிறது. தகட்டில் அடைந்த தூசியைத் தட்டி, பேஸ்ட்டை மாற்றினால் அதைவிட அதிகம் கிடைக்கும். அப்புறம், குழாயைத் துளைத்து எதையாவது ஊற்றலாமா என்று நினைப்பவர்களுக்கு: துளைத்த நொடியில் வெற்றிடம் போய்விடும், குழாய் செத்துவிடும்.

கலப்புப் பொருள் உண்மையில் உதவக்கூடிய இடம், குழாய் தன் எல்லைக்குப் பக்கத்தில் ஓடும் கருவிகள். சிறுசேரி, அம்பத்தூர் பக்கம் எழும்பும் டேட்டா சென்டர்களில் ஒற்றைச் சிப் சில நூறு வாட் தள்ளுகிறது. அங்கே குழாய் காய்ந்து நின்றால் வெப்பநிலை இரண்டு டிகிரியோடு நிற்காது, சட்டென்று எகிறும். காயும் எல்லையைத் தள்ளிப்போடுகிற பூச்சோ ஆல்கஹாலோ அங்கே மதிப்புள்ளது. அதனால் வெப்பத்தடை எவ்வளவு குறைந்தது என்பதைவிட, எத்தனை வாட்டில் காய்ந்தது என்பதைத்தான் ஆய்வறிக்கையின் முதல் வரியில் பார்க்க விரும்புகிறேன்.

அதற்கு அடுத்த வரி, எத்தனை மணி நேரம் ஓடியது என்பது. தண்ணீரோடு அலுமினியம் சேர்ந்தால் ஹைட்ரஜன் வாயு உருவாகும் என்பதால்தான் தண்ணீர் நிரப்பும் ஹீட் பைப்புக்குச் செம்பையே பயன்படுத்துகிறார்கள். விண்கலங்களின் அலுமினியக் குழாய்களில் அமோனியா நிரப்பப்படுவதும் இதனால்தான். கலப்புப் பொருள் சிதைந்தாலும் செம்பை அரித்தாலும் இதே போல வாயு சேரும். அந்த வாயு குளிராது, ஆவி அதைக் குளிர்ந்த முனையின் கடைசிக்குத் தள்ளி அடைத்துவிடும். நாற்பது டிகிரியில் உள்ளே இருக்கும் அழுத்தம் வளிமண்டலத்தில் பதினான்கில் ஒரு பங்குதான் என்பதால், மிகச் சிறிதளவு வாயுவே கணிசமான நீளத்தைப் பிடித்துக்கொள்ளும். கண்டுபிடிப்பது கடினமில்லை. குளிர்ந்த முனையின் நுனியில் வெப்பநிலை அளக்கும் ஒரு தெர்மோகப்பிளை ஒட்டிவைத்து, குழாயை வாரக்கணக்கில் ஓடவிட்டு, அந்த நுனி மற்ற பகுதியைவிடக் குளிர ஆரம்பிக்கிறதா என்று பார்த்தால் போதும்.